ஏணித் தெரு

வெள்ளாங்கரையில் ஏணிகள் முளைத்தது ஒரு திங்கட்கிழமை விடியலில். அதற்கு முந்தின நாள் மத்தியானம், ஊரே மீன்குழம்பு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், குளிர்நாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் வீடு வீடாகப் போய்க் கேட்ட கேள்விதான் அதற்குக் காரணம் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு ஒருத்தரும் காரணம் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. ஏணி முளைத்தாலும் சரி, கடல் எழும்பி வந்து வாசலில் உட்கார்ந்தாலும் சரி, விடிகாலை நான்கு மணிக்குப் பாத்தியில் கால் வைக்காதவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை என்பது அந்த ஊர் உப்பளத்தின் சட்டம். ஆகவே பெண்கள் கதவைத் திறந்தார்கள், வாசலில் நின்ற ஏணியைப் பார்த்தார்கள், இடித்துக்கொள்ளாமல் ஓரமாக ஒதுங்கி, தூக்குவாளியும் சும்மாட்டுத் துணியுமாக வேலைக்குப் போனார்கள்.

கேள்வி இதுதான். இங்கிரிட் என்ற அந்த வெள்ளைக்காரப் பெண் தன் பாஷையில் சொல்ல, பக்கத்து ஊரில் பிறந்து, நர்சு வேலைக்காக அதே குளிர்நாட்டுக்குப் போய், இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் திரும்பி வந்த ஜெபசீலி அதைத் தமிழில் சொன்னாள். "மனசுல ஒரு ஏணிய நெனச்சுக்கிடுங்க. பத்துப் படி. உச்சிப் படியில நின்னா உங்களுக்கு வாய்க்கக்கூடிய ஆக நல்ல வாழ்க்கை. கீழ்ப் படின்னா ஆக மோசம். நீங்க இப்ப எந்தப் படியில நிக்கிறிய?"

சுயம்புக்கனி அப்போது வாசலில் உட்கார்ந்து, மகள் முத்துக்கிளி பெற்று எட்டே நாளான பேத்தியைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு வயதில், முப்பது வருட உப்புக்குப் பிறகு, காய்த்துப்போன தன் கைக்குள் அந்தச் சிவந்த பாதம் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்த நேரம் அது. ஆனால் சிரிப்பாணி வருகிறது என்பதற்காக அதை ஊரறியச் சொல்கிறவர்கள் உண்டா? அந்தத் தெருவில் 'நல்லா இருக்கேன்' என்று வாய்விட்டுச் சொன்னவள் மறுநாளும் நல்லா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. கோழி தினம் முட்டை இடுகிறது என்று சொன்னவளின் கோழி மூன்றாம் நாள் செத்தது. புருஷன் குடியை விட்டுவிட்டான் என்று சொன்னவளின் புருஷன் அன்று சாயங்காலமே மறுபடி பிடித்துக்கொண்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'ஏதோ இருக்கேன்' என்று இழுக்க வேண்டும். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் 'எங்க சாப்பிடுதான்' என்று அலுத்துக்கொள்ள வேண்டும். கண் பட்டால் கல்லும் பிளக்கும் என்று நம்புகிறவர்களுக்கு மகிழ்ச்சி என்பது முந்தானைக்குள் மூடி வைத்துக்கொள்ளும் பொருள்.

போதாததற்கு, பேப்பரும் பேனாவுமாக வந்து நிற்கிறவர்களிடம் குறைச்சலாகச் சொன்னால்தான் எதுவும் கிடைக்கும் என்பதை அந்தத் தெரு அனுபவத்தில் படித்திருந்தது. அரசாங்கத்து இலவச ஆடு வந்தது அப்படித்தான். மின்சாரக் காற்றாடி வந்தது அப்படித்தான்.

"ரெண்டுன்னு போட்டுக்கிடுங்க," என்றாள் சுயம்புக்கனி, குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டே. "ஒண்ணுன்னு சொன்னா ரொம்பப் பொய்யாப் போயிரும்."

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டே போடுங்க. அவளைவிட நான் என்ன ஒசத்தி?"

அப்படியே தெரு முழுக்க, நாற்பத்தோரு வீட்டிலும், ரெண்டு, ரெண்டு, ரெண்டு. ஒரே ஒரு கிழவர் மட்டும் மூன்று என்று சொல்லப்போய், அவர் தங்கச்சி தொடையில் கிள்ளியதும் திருத்திக்கொண்டார். இது பொய்யும் இல்லை மெய்யும் இல்லை, இது இங்கே ஒரு மரியாதை என்று அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் விளக்கியிருக்க வேண்டியவள் ஜெபசீலி. அவளுக்கு இரண்டு பாஷையும் தெரியும், இரண்டு ஊரின் கூச்சமும் தெரியும். ஆனால் வெயில் அதிகமாக இருந்தது, நிரப்பவேண்டிய பாரம் நீளமாக இருந்தது, அதில் ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணுக்குத்தான் இடம் இருந்தது. அவள் எண்ணை எழுதினாள்.

மறுநாள் முளைத்த ஏணிகள் பனையும் இல்லை, மூங்கிலும் இல்லை. தொட்டால் வெதுவெதுப்பாக, அப்போதுதான் யாரோ கை வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தன. எதன் மேலும் சாயவில்லை. வீட்டுக்கொரு ஏணி, ஏணிக்குப் பத்துப் படி. முதல் படி தாங்கியது, இரண்டாம் படி தாங்கியது, மூன்றாம் படியில் கால் வைத்தால் புகைக்குள் வைத்த மாதிரி உள்ளே போய்விட்டது. கண்ணுக்கு இருந்தது, காலுக்கு இல்லை. காகங்கள் பத்தாம் படியில் சர்வ சாதாரணமாக உட்கார்ந்தன. அவற்றை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஒரு வாரத்தில் முதலிரண்டு படிகளில் ஈரத்துணி காய்ந்தது. பிறகு கருவாடு. பிறகு ஆட்டைக் கட்டினார்கள். கோயில் பூசாரி வந்து எல்லா ஏணிக்கும் மஞ்சள் துணி கட்டினார்; சர்ச்சிலிருந்து பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார்; மின்வாரியத்து ஆள் வந்து, இது கம்பம் இல்லை, எங்கள் பொறுப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கிராம அதிகாரி நாடா பிடித்து அளந்தார், எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. மினிபஸ் கண்டக்டர் 'ஏணித் தெரு எறங்கு' என்று கத்த ஆரம்பித்த பிறகு வெள்ளாங்கரை என்ற பெயரே தபாலில் மட்டும் இருந்தது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏணியோடு சேர்ந்து போட்டோ எடுத்தார்கள். அவர்களுக்காக மரியபுஷ்பம் வாசலில் சுக்குக்காப்பி விற்றாள். கல்யாணத் தரகர்கள்தான் முதலில் வில்லங்கம் பண்ணினார்கள். "ரெண்டாம் படி வீட்டுப் பொண்ணா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் 'ரெண்டாம் படி' என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் லாரிக்காரன் இந்தத் தெருவுக்குக் கடைசியாக வந்தான்; ரெண்டில் நிற்கிறவர்கள் காத்திருந்து பழகினவர்கள்தானே என்றான். சும்மா சொன்ன ஒரு வார்த்தை, சொன்னவர்கள் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்றது.

பிறகு அந்த அறிக்கை வந்தது. உலகத்து நாடுகளையெல்லாம் மகிழ்ச்சியின் வரிசையில் நிறுத்தி, இங்கிரிட்டின் நாடு முதலாவது என்றும் நம்முடையது எங்கோ கீழே என்றும் சொன்ன அந்த அறிக்கையின் அட்டையில் ஏணித் தெருவின் படம் இருந்தது. நாற்பத்தோரு ஏணி, நாற்பத்தோரு இரண்டாம் படி, ஒவ்வொன்றிலும் ஒரு பெண். முன்வரிசையில் சுயம்புக்கனி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அந்தப் படம் குளிர்நாட்டில் சங்கடத்தை உண்டுபண்ணியது. ஏனென்றால் வெள்ளாங்கரை உப்பு அந்த நாட்டுக்குத்தான் கப்பலேறியது. தின்ன அல்ல. அங்கே பனி பெய்து ரோடெல்லாம் கண்ணாடியாய் வழுக்கும்போது, யாரும் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளக் கூடாது என்று அந்த உப்பை ரோட்டில் தூவுவார்கள். இரண்டாம் படியில் நிற்கிறவள் வாரிய உப்பின் மேல் நடப்பதா என்று, அறிக்கைப்படி எட்டாம் படியில் இருந்த நல்ல மனசுக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டவர்கள் இன்னும் கொஞ்சம் கூலி கொடுத்து வாங்கலாம் என்று யோசிக்கவில்லை. சந்தோஷமான கைகள் வாரிய உப்பாகப் பார்த்து வாங்கலாம் என்று யோசித்தார்கள். ஏழாம் படிக்குக் குறையாமல் இருந்தால்தான் அடுத்த கப்பல் என்று உப்பள முதலாளி பாலசிங்குக்குக் கடிதம் வந்தது. இங்கிரிட் இரண்டு மாதத்தில் மறுபடி வந்து கேட்பாள் என்றும் அதில் எழுதியிருந்தது.

இந்த இடத்தில் சுயம்புக்கனியின் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, "தண்ணி குடிக்கிறதே இல்லையாம்மா நீங்க? இப்படியே போனா ரெண்டும் போயிரும்," என்றார். தண்ணீர் குடித்தால் போகவேண்டி வரும். போக இடமில்லை. வெள்ளை வெளேரென்று கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. ஒதுங்க ஒரு செடி கிடையாது, நிழலுக்கு ஒரு ஓலை கிடையாது. தூரத்தில் இருக்கும் உடைமரக் காட்டில் லாரி டிரைவர்கள் படுத்திருப்பார்கள். ஆகவே நாற்பத்தோரு வீட்டுப் பெண்களும் விடிகாலை வீட்டில் போய்விட்டு வந்து, மத்தியானம் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், உப்பு வாரி, உப்புச் சுமந்து, உப்பு அம்பாரத்தில் கொட்டினார்கள். முப்பது வருடமாக இப்படி. ஒரு கக்கூஸும் ஒரு கூரையும் கேட்டு சுயம்புக்கனி மூன்று தடவை மனுக் கொடுத்தாள். பாலசிங் மூன்று தடவையும் மிகுந்த அன்போடு, "பாப்போம் தாயி," என்றார்.

இப்போது அவரே தெருவுக்கு வந்தார். கூடவே கணக்கப்பிள்ளை தங்கப்பழம். அவனுக்குப் பின்னால் சென்னையிலிருந்து வரவழைத்த மகிழ்ச்சிப் பயிற்சியாளர் ஒருவர், கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு. அந்தப் பயிற்சியாளருக்கு வெயில் ஆகாது என்று ஒரே நாளில் உப்பளத்து மேட்டில் பெரிய பந்தல் எழும்பியது. அவர் அவசரத்துக்கு என்று ஒரு பிளாஸ்டிக் கக்கூஸ் வேனில் வந்து இறங்கியது. அதற்குப் பூட்டு இருந்தது. சாவி தங்கப்பழத்தின் இடுப்பில் இருந்தது.

முப்பது வருடமாக வராத நிழல் அது. பத்து நாள், வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம், பெண்களை அதன் கீழே உட்கார வைத்து வகுப்பு நடந்தது. கண்ணை மூடச் சொன்னார். மூச்சை இழுக்கச் சொன்னார். நன்றி சொல்லவேண்டிய மூன்று விஷயங்களை நினைக்கச் சொன்னார். கையைத் தூக்கி 'ஹா ஹா, ஹோ ஹோ' என்று சிரிக்கச் சொல்லி அவரே சிரித்துக் காட்டியபோது பெண்கள் நிஜமாகவே சிரித்துவிட்டார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். ஏணிகள் அசையவில்லை. அவற்றுக்குச் சிரிப்புக் கணக்கில்லை. பாரத்தில் எழுதினதுதான் கணக்கு.

"பணத்துல என்னம்மா இருக்கு?" என்றார் பயிற்சியாளர், குரலைத் தழைத்துக்கொண்டு. "உலகத்துலயே உண்மையான சந்தோஷம் ஏழைங்ககிட்டதான் இருக்கு."

"அப்ப நீங்க ஏன் சார் ஏழையா இல்ல?" என்று சுயம்புக்கனி கேட்டாள்.

அவர் தண்ணீர் குடித்தார். பத்தாம் நாள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஓலை மிச்சம் வைக்கவில்லை. கக்கூஸ் மட்டும், இங்கிரிட் வரும்போது அவளுக்கு வேண்டுமே என்று, பூட்டோடு நின்றது.

அதற்கப்புறம்தான் பாலசிங் விஷயத்தை உடைத்தார். இங்கிரிட் கேட்கும்போது ஆளுக்கு ஆள் ஏழு என்று சொல்ல வேண்டும். சொல்லாதவள் மறுநாள் உப்பளத்துக்கு வர வேண்டாம்.

"ஏழுன்னு சொன்னா கக்கூஸ் கட்டித் தருவியளா முதலாளி?" என்றாள் சுயம்புக்கனி.

"ஏழுல நிக்கிறவளுக்குக் கக்கூஸ் எதுக்குத் தாயி? எல்லாம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அப்ப ரெண்டுன்னு சொன்னா?"

"ரெண்டுன்னா வேலையே இல்லியே. வேலை இல்லாதவளுக்கு அளத்துல கக்கூஸ் எதுக்கு?"

அவர் கேலி பண்ணவில்லை. அதுதான் சுயம்புக்கனிக்கு நெஞ்சில் தீயை வைத்தது. கேலியாக இருந்தால் பதிலுக்கு ஒரு கேலி போதும். இவர் நிஜமாகவே, கணக்குச் சரியாக வந்துவிட்ட திருப்தியோடு, மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

இங்கிரிட் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெபசீலி தனியாக வந்தாள். சுயம்புக்கனியின் ஏணியில் முதல் படியில் உட்கார்ந்து, மரியபுஷ்பம் கொடுத்த சுக்குக்காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் மொளச்சிருக்கு மதினி," என்றாள். "எல்லாம் எட்டு. எப்படி இருக்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்றதுதான் அங்க மரியாதை. இல்லன்னு சொன்னா, கேட்டவுகளுக்குச் சங்கடமாப் போயிரும். ஏணியில சின்ன விளக்கு மாட்டி வச்சிருக்காக. அழகாத்தான் இருக்கும்."

"ஏறிப் பாக்க மாட்டாவளா?"

"யாரும் ஏற மாட்டாக. நான் இருந்த கட்டடத்துல ஒரு பெரியவர். எட்டுன்னு சொன்னவரு. செத்து மூணு வாரம் கழிச்சுத்தான் கதவ ஒடச்சாக."

மரியபுஷ்பம் நெஞ்சில் கை வைத்து, சுயம்புக்கனி பக்கம் திரும்பினாள். "மூணு வாரமா! ஏட்டி, நீ அயிலை மீனு வாங்குனியா சாளை வாங்குனியான்னு எனக்கு மூணு நிமிசத்துல தெரியும்."

"அதான் மதினி. காசு இருந்தா மட்டும் போதாதுன்னு தோணித்தான் நான் திரும்பி வந்தேன். இங்க மனுசங்க இருக்காக."

சுயம்புக்கனி பேத்தியை மார்பில் சாய்த்துக்கொண்டு எழுந்து நின்றாள். விலாவில் கல் குத்தியது.

"அந்தப் பெரியவரு வேலை செஞ்ச எடத்துல கக்கூஸ் இருந்துச்சா?"

ஜெபசீலி நிமிர்ந்து பார்த்தாள். "இருந்திருக்கும்."

"கதவு இருந்துச்சா?"

"இருந்திருக்கும் மதினி."

"நோவு வந்தா, நாளைக்கி வேலை போயிருமேன்னு பயந்து பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னாரா?"

"இல்ல. அங்க அப்படி இல்ல."

"அப்ப அவரு தனியாச் செத்ததுக்கு நானும் அழுவுதேன். ஆனா அதச் சொல்லி எங்க மனச ஆத்தாத. மனுசங்க இருக்காக, மனுசங்க இருக்காகன்னு எங்க கூட்டத்தக் காட்டியே எங்களுக்கு ஒரு செவுரு கட்டாம விட்டுட்டாவ. பக்கத்து வீட்டுக்காரி இருக்கான்னு ஒண்ணுக்கு அடக்க முடியுமாட்டி?"

ஜெபசீலி காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நான் அன்னைக்கே அவகிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள்.

"என்ன சொல்லியிருப்ப?"

"நீங்க சொன்ன ரெண்டு, நெசமான ரெண்டு இல்லன்னு."

"ரெண்டு இல்லதான். ஏழும் இல்ல," என்றாள் சுயம்புக்கனி. பிறகு தலையைத் தூக்கி ஏணியின் உச்சியைப் பார்த்தாள். "நாளைக்கி நாங்க என்ன சொன்னாலும் எழுதிருவாளா?"

"சொன்னத எழுதித்தான் ஆகணும் மதினி. அதான் அவ வேலை. தன்னால ஒரு எண்ணக் கூட்டவோ கொறைக்கவோ அவளுக்கு உரிமை இல்ல."

"அது போதும்."

மறுநாள் காலை தெரு முழுக்கக் கோலம் போட்டிருந்தார்கள்; முதலாளி உத்தரவு. இங்கிரிட் வந்து இறங்கினாள், தொப்பியும் பாரமுமாக, முகமெல்லாம் நல்லெண்ணமாக. வெயில் அவள் கழுத்தைச் சிவக்க வைத்திருந்தது. தங்கப்பழம் குடை பிடித்தான். பாலசிங் பட்டுச்சட்டையில் நின்றார். முதல் வீடு சுயம்புக்கனியின் வீடு. ஜெபசீலி கேள்வியைச் சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல். பத்துப் படி, ஆக நல்ல வாழ்க்கை, ஆக மோசமான வாழ்க்கை, இப்போது எங்கே நிற்கிறீர்கள்.

தங்கப்பழம் குடைக்குள்ளிருந்து உதட்டை அசைத்தான். ஏழு. ஏழு.

சுயம்புக்கனி பேத்தியை மகளின் கையில் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். முப்பது வருடமாக நல்லதைச் சொல்லப் பயந்த வாய் அது. கண் பட்டுவிடும் என்ற பயம் இப்போதும் வந்தது. படட்டும் என்று நினைத்தாள். எல்லார் கண்ணும் படட்டும்.

"பத்து," என்றாள்.

"பத்தா?" என்றாள் ஜெபசீலி.

"பத்துதான். எழுதச் சொல்லு."

இங்கிரிட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டிய சுயம்புக்கனியின் பத்து விரல்கள் போதும். அவள் வேலையில் இத்தனை வருடத்தில் பத்து சொன்னவர்கள் மிகக் குறைவு. கண் கலங்க எழுதினாள். எழுதிப் பேனாவைப் பாரத்திலிருந்து எடுத்த அந்தக் கணமே மூன்றாம் படி கெட்டியானது, நான்கு கெட்டியானது, சுயம்புக்கனி ஏறினாள், ஐந்து, ஆறு, அவள் பாதத்தில் காய்ந்திருந்த உப்பு ஒவ்வொரு படியிலும் வெள்ளையாய்ப் பதிந்தது, ஏழு, அங்கே நிற்பாள் என்று பாலசிங் நினைத்தார், எட்டு, ஒன்பது, காகம் ஒன்று முணுமுணுத்துக்கொண்டு இடத்தை விட்டது, பத்து. உச்சியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டாள். அங்கிருந்து பாத்தி பாத்தியாய் உப்பளமும், வெள்ளை மலைகளாய் அம்பாரங்களும், துறைமுகத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்ற கப்பலும், பூட்டித் தனியாய் நின்ற பிளாஸ்டிக் கக்கூஸும் தெரிந்தன.

"எனக்கும் பத்து," என்று கீழே மரியபுஷ்பம் கத்தினாள். "அவளைவிட நான் என்ன கொறச்சலா?"

பத்து, பத்து, பத்து. நாற்பத்தோரு வீட்டிலும் பத்து. தங்கச்சிக்குப் பயந்த கிழவரும் பத்து. பாலசிங் ஆனந்தத்தில் தங்கப்பழத்தைக் கட்டிக்கொண்டார். உலகத்தில் எந்த நாட்டிலும் எந்தத் தெருவும் எட்டாத உயரம் அது. இங்கிரிட்டின் நாடு இரண்டு படி கீழே நின்றது. அன்று சாயங்காலமே குளிர்நாட்டிலிருந்து செய்தி வந்தது: கப்பல் நிறைய ஏற்றுங்கள், எத்தனை கப்பல் ஆனாலும் ஏற்றுங்கள், ஆனால் இதே கைகள் வாரிய உப்பாக இருக்க வேண்டும். சாக்குப் பைகளில் அச்சடிக்க சுயம்புக்கனியின் படம் போயிற்று.

மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு உப்பளத்தில் யாரும் இல்லை.

தங்கப்பழம் சைக்கிளில் ஓடி வந்து பார்த்தான். தெருவில் நாற்பத்தோரு ஏணி, நாற்பத்தோரு உச்சி, உச்சிக்கு ஒருத்தியாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சும்மாடு தலையில் இருந்தது. தூக்குவாளி மடியில் இருந்தது. செல்போன் டவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறி நின்று கலெக்டரைக் கூப்பிடுகிற ஊர்க்காரர்களை அவன் பார்த்திருக்கிறான். சந்தோஷத்தின் மேல் ஏறி நின்று முதலாளியைக் கூப்பிடுகிறவர்களை இப்போதுதான் பார்த்தான்.

"இறங்குங்கட்டி! மணி நாலரை!"

"கக்கூஸும் கூரையும் கட்டுத அன்னைக்கி எறங்குதோம்னு போய்ச் சொல்லு," என்றாள் சுயம்புக்கனி.

வேலை நேரம் முழுக்க ஏணியில் இருந்தார்கள். வேலை முடிகிற நேரத்துக்கு இறங்கிச் சமைத்தார்கள். மறுநாள் நான்கு மணிக்கு மறுபடி ஏறினார்கள், ஒருத்தி கூடத் தாமதம் இல்லாமல். சுயம்புக்கனி பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனாள். மடக்கு மடக்காகக் குடித்தாள். உடம்பு கேட்டபோது இறங்கி வீட்டுக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பி ஏறினாள். அவள் வயதுக்கு, வேலை நேரத்தில் உடம்பு கேட்டபோது போய்வந்தது அதுதான் முதல் தடவை. அப்படிப் போய்வந்து உச்சியில் உட்கார்ந்த நிமிடத்தில், சொன்ன பத்து பொய்தானா என்று அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

பாலசிங் போலீசைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி அண்ணாந்து பார்த்து, "அவங்க வீட்டு வாசல்ல அவங்க சந்தோஷமா இருக்காங்க. எந்த செக்‌ஷன்ல எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று பாலசிங் கத்தினார். கத்திய வாயை அவரே மூடிக்கொண்டார், இந்தக் கைகள் இல்லாவிட்டால் கப்பல் இல்லை. ஆத்திரத்தில் அதையும் மறந்து வெளியூரிலிருந்து லாரியில் பெண்களைக் கூட்டி வந்தார். அவர்கள் உப்பளத்து மேட்டில் இறங்கி, சுற்றிலும் பார்த்து, "கக்கூஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். பதில் வராததால் அதே லாரியில் ஏறி உட்கார்ந்தார்கள்.

வாராத பாத்திகளில் உப்பு பாறையாக இறுகியது. கப்பல் நாலு நாள் காத்திருந்தது, ஐந்து நாள் காத்திருந்தது. குளிர்நாட்டில் முதல் பனி விழுந்துவிட்டது என்றும், உலகத்திலேயே சந்தோஷமான உப்பு எங்கே என்றும் தந்தி மாதிரி மெயில் மேல் மெயில் வந்தது. பாலசிங் ஒவ்வொரு காலையும் சுயம்புக்கனியின் ஏணிக்கடியில் வந்து நின்றார். அவர் அண்ணாந்து பார்த்துப் பேசுவது அந்த ஊரில் யாரும் பார்த்திராத காட்சி.

"ஏழு போதும்னுதானே தாயி சொன்னேன். பத்து யாரு கேட்டா?"

"மனசுல உள்ளதைச் சொல்லச் சொன்னாவ முதலாளி."

"சந்தோஷமா இருக்கிறவ இப்படியா செய்வா?"

"நாங்க சந்தோசமா இருந்து நீங்க எப்ப பாத்திருக்கிய?"

ஏழாம் நாள் ஒரு மினிலாரியில் செங்கல் வந்தது. எட்டாம் நாள் கொத்தனார் உப்பளத்து மேட்டில் குழி தோண்டினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், லாரிகள் எந்தப் பக்கம் நிற்கும், வாசலை எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்று நாற்பத்தோரு உச்சியிலிருந்தும் அவருக்குச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். கூரைக்குக் கம்பு நட்டு ஓலை வேய்ந்தார்கள். தண்ணீர்த் தொட்டியை ஏற்றி வைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் காலை பாலசிங் வேர்த்து விறுவிறுத்து வந்து, ஏணிக்கடியில் நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது. கூரை போட்டாச்சு, தொட்டி வச்சாச்சு, கதவும் மாட்டியாச்சு. இறங்கி வாங்க எல்லாரும்."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மரியபுஷ்பம் ஒரு காலை ஒன்பதாம் படியில் வைத்தும் விட்டாள். சுயம்புக்கனி கையை நெற்றிக்குக் கொடுத்து, உப்பின் வெள்ளை வெளிச்சத்துக்கு அப்பால் புதுச் செங்கலாய்ச் சிவந்து நின்ற அந்தச் சின்னக் கட்டடத்தைப் பார்த்தாள்.

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாச்சா முதலாளி?"

பாலசிங் திரும்பித் தங்கப்பழத்தைப் பார்த்தார். தங்கப்பழம் தரையைப் பார்த்தான்.

"அதையும் போட்டுட்டு வாங்க," என்றாள் சுயம்புக்கனி, காலை நன்றாகத் தொங்கப் போட்டுக்கொண்டு. "அதுவரைக்கும் நாங்க சந்தோசமாத்தான் இருக்கோம்."